மேட்ச்சும் முடிஞ்சுது, தோட்டமும் முடிஞ்சுது: 22 பைய என்ன பண்றது?

மாம்பலம் மாடி | 25 மே 2025, இரவு 8:50

எல்லாருக்கும் வணக்கம். என்னோட ரெண்டு சீசனும் இன்னிக்கு ஒரே நாள்ல முடிஞ்சுது. ஐபிஎல் கடைசி மேட்ச்ல, அகமதாபாத்துல சிஎஸ்கே 230 அடிச்சு குஜராத்தை 83 ரன்ல சாத்திட்டு, பத்தாவது இடத்துல ஜம்முன்னு போய் உக்காந்துடுச்சு. 14 மேட்ச், 4 ஜெயம். 2008ல இருந்து பாக்கறேன், கடைசி இடம் இதான் முதல் தடவை. மேட்ச் முடிஞ்சதும் மாடிக்குப் போய் கடைசித் தக்காளியப் பறிச்சேன். மொத்தம் நாலு. கோலிக்குண்டு சைஸ், அதுலயும் ரெண்டு வெடிச்சது.

கேள்விக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், சிரிக்காதீங்க. அஞ்சு வருஷமா மாடியில செடி வெச்சிருக்கேன். மே கடைசி வரைக்கும் செடி பச்சையா நிக்கறது இந்த வருஷம்தான். பஞ்சகவ்யா எல்லாம் காரணம் இல்ல. டீம் தோத்துக்கிட்டே இருந்துச்சு, அதான் காரணம்.

காலைல 7:10க்கு நான் வீட்ட விட்டுக் கிளம்பிடுவேன். செடிக்குத் தண்ணி ராத்திரிதான். 7 மணிக்கு டாஸ், 7:30க்கு மேட்ச். நல்லா ஆடற வருஷம் எழுந்து போக மனசு வராது. 2023 ஃபைனல் ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமை மழை, திங்கக்கிழமைக்குத் தள்ளிப் போச்சு, ஜடேஜா கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சப்போ மணி நடுராத்திரியத் தாண்டி ஒண்ணரை. அந்த ரெண்டு நாளும் மாடிக்கு யாருமே போகல. செவ்வாய்க்கிழமை பாத்தா மிளகா, கத்திரி எல்லாம் அப்பளம். நாங்க கீழ கேசரி சாப்பிட்டுக்கிட்டிருந்தோம்.

இந்த வருஷம் ஏப்ரல் 11. சேப்பாக்கத்துல 103க்கு 9. கொல்கத்தா அத 10.1 ஓவர்லயே முடிச்சுட்டாங்க. முதல் இன்னிங்ஸ் பாதியிலயே டிவிய நிறுத்திட்டு மாடிக்குப் போயிட்டேன். பைப்பத் திறந்தா முதல் ரெண்டு பக்கெட் தண்ணி டீ போடற சூடு. அத ஓரமா விட்டுட்டு, ஆறினதுக்கு அப்புறம் நிதானமா ஒவ்வொரு பையா ஊத்தினேன். அன்னில இருந்து தோக்கத் தோக்க செடிக்கு யோகம்தான். வீட்டம்மா சொல்றாங்க, "இனிமே வருஷா வருஷம் இவங்க தோக்கணும்னு வேண்டிக்கறேன்"னு.

சரி, கேள்வி. 22 பை இருக்கு. தக்காளி 8, கத்திரி 5, வெண்டை 5, மிளகா 3, ஒண்ணுல சும்மா புதினா. எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஆடி வரைக்கும் காலியா விடவா, இழுத்துப் பிடிக்கவா?

---

கே ஸ்டாண்ட் காத்தாடி | 25 மே, இரவு 9:14

டீம் தோக்கணும்னு வேண்டுதலா! அண்ணிகிட்ட சொல்லுங்க, அந்த வேண்டுதல் பலிச்சதுல நான் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசெல்லாம் போச்சுன்னு. சேப்பாக்கத்துல ஆறு மேட்ச்ல மும்பையோட ஆடின முதல் மேட்ச் மட்டும்தான் ஜெயிச்சோம். பெங்களூருகிட்ட சேப்பாக்கத்துல 2008க்கு அப்புறம் இப்போதான் தோத்தோம், அந்த பாக்கியமும் எனக்கு நேர்லதான் கிடைச்சுது. டிக்கெட்டக் காட்டினா மெட்ரோ இலவசம்னு போகும்போது சந்தோஷம். திரும்பி வரும்போது ரயில் முழுக்க மஞ்சச் சட்டை, ஒருத்தர் வாயத் திறக்கல.

---

வேப்பம்புண்ணாக்கு | 25 மே, இரவு 9:40

மாம்பலம் தம்பி, ஒரே நாள்ல எல்லாத்தையும் பிடுங்காதீங்க. ஒவ்வொரு செடிக்கும் கணக்கு வேற.

தக்காளி முடிஞ்சுது. ராத்திரியிலயும் சூடு இறங்காம 27, 28ன்னு நிக்கறப்போ மகரந்தம் வீணாப்போயிடும், பூ பூக்கும், காம்போட உதிரும். நீங்க என்ன ஊத்தினாலும் இனி காய் நிக்காது. பிடுங்குங்க. ஆனா பிடுங்கினதும் தூக்கிப் போடாம வேரைத் தண்ணியில அலசிப் பாருங்க. வெள்ளையா, நாரா இருந்தா நல்ல மண்ணு. ஜவ்வரிசி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா இருந்தா அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த வேரை உரக்குழியில போட்டுடாதீங்க, குப்பைக்கு அனுப்புங்க. இல்லன்னா ஆடியில போடற கத்திரிக்கும் அதே கதி.

கத்திரிய மட்டும் தொடாதீங்க. அதுக்கு இன்னும் ஆயுசு இருக்கு. தரையில இருந்து ஒரு ஜாண் விட்டு, கணுவுக்குக் கொஞ்சம் மேல சாய்வா வெட்டிவிடுங்க. சாயங்காலம்தான் வெட்டணும். ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, நிழல்வலைக்குக் கீழ தள்ளி வெச்சுடுங்க. ரெண்டு மூணு வாரத்துல அடியில இருந்து துளிர் வரும்.

மிளகாயும் நிழல்ல வெச்சாப் பொழச்சுக்கும். வெண்டையில இலை நரம்பு மஞ்சளா வலை மாதிரி தெரிஞ்சா தேமல் நோய், வெள்ளை ஈ பரப்பறது. அந்தச் செடிய வெச்சுக்கிட்டு இருக்காதீங்க. சுத்தமா இருக்கற செடியில ரெண்டு காயப் பறிக்காம முத்த விடுங்க, விதைக்கு ஆச்சு. புதினாவ யாராலயும் கொல்ல முடியாது.

---

புதுச்செடி | 25 மே, இரவு 9:52

அக்கா, வெட்டிவிட்ட கத்திரி எத்தனை தடவை திரும்ப வரும்?

---

வேப்பம்புண்ணாக்கு | 25 மே, இரவு 9:58

ஒரு தடவை அருமையா வரும். ரெண்டாவது தடவை சுமாரா வரும். அதுக்கு மேல காய் சிறுத்து, உள்ள விதையா இருக்கும், கசக்கும்.

---

புதுச்செடி | 25 மே, இரவு 10:01

அப்போ 43 வயசு கத்திரிக்கு என்னக்கா பண்றது? 😐

---

கே ஸ்டாண்ட் காத்தாடி | 25 மே, இரவு 10:03

டேய்.

---

வேப்பம்புண்ணாக்கு | 25 மே, இரவு 10:10

நான் கத்திரிக்காயப் பத்தி மட்டும்தான் பேசறேன். என்ன வம்புல இழுக்காதீங்க.

---

கே ஸ்டாண்ட் காத்தாடி | 25 மே, இரவு 10:31

இல்ல, பேசியே ஆகணும். கேப்டன் ருதுராஜ் முழங்கையில அடிபட்டு வெளிய போனதும் தோனிதான வந்து கேப்டன்சிய எடுத்துக்கிட்டாரு? வேற யாரு இருந்தா? இன்னிக்கு மேட்ச் முடிஞ்சதும் கேட்டாங்க, முடிவெடுக்க நாலஞ்சு மாசம் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. போதும்னு அவரு சொல்லட்டும், நாம யாரு சொல்ல? இந்த வருஷத் தப்பு ஏலத்துல நடந்தது. முதல் ஆறு ஓவர்ல அடிக்கறதுக்கு ஆளே எடுக்கல. பாதி சீசனுக்கு அப்புறம் மாற்று ஆளா வந்த ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ், உர்வில் மூணு பேரும் வந்ததும் டீமோட நடையே மாறிடுச்சு. பெங்களூர்ல மாத்ரே 48 பந்துல 94 அடிச்சானே, அந்தப் பையனுக்கு 17 வயசு. அவன முதல்லயே எடுத்திருக்கணும்.

---

மாம்பலம் மாடி | 25 மே, இரவு 10:45

நானும் அதே தப்பத்தான் பண்ணினேன். போன ஆடியில வெச்ச தக்காளிதான் நல்லா காய்ச்சுச்சேன்னு தை மாசம் புது நாத்து போடாம விட்டுட்டேன். மாசியில தெரு முனை நர்சரியில அவசரத்துக்கு ஆறு நாத்து வாங்கினேன். நாட்டுத் தக்காளின்னு கொடுத்தாங்க. வளர்ந்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது அதுல ரெண்டு கத்திரின்னு. அந்த ஆறுல இப்போ உயிரோட இருக்கறதே அந்த ரெண்டும்தான்.

---

ரேடியோ தாத்தா | 26 மே, காலை 5:35

இளைஞர்கள் தோட்டத்தையும் ஆட்டத்தையும் எதிரும் புதிருமாகப் பேசுவதைப் படித்தேன். எங்கள் காலத்தில் இந்தச் சண்டையே கிடையாது. அப்போது சேப்பாக்கத்தில் பெரிய ஆட்டம் என்றால் பொங்கல் டெஸ்ட்தான். ஜனவரி மாதம், பகல் ஆட்டம், இளவெயில். தோட்டத்திலும் அதுதான் நல்ல காலம். மார்கழியில் பிடித்த அவரை தையில் பந்தல் கொள்ளாமல் காய்க்கும்.

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தல் இருந்தது. பந்தல் காலில் ஆணி அடித்து டிரான்சிஸ்டரை மாட்டிவிடுவார் என் தகப்பனார். 1975 ஜனவரி, மேற்கிந்தியத் தீவுகள். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தார். மொத்த அணியும் 190. அதில் விஸ்வநாத் மட்டும் 97, ஆட்டமிழக்கவில்லை. கடைசி ஆள் சந்திரசேகர். அம்மா முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு கிரிக்கெட் தெரியாது. "இன்னும் மூணு ரன்னுதானே, அந்தச் சந்திரசேகர் சித்த நின்னிருக்கப்படாதா?" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1988 பொங்கலுக்கு நேரிலேயே போனேன். ஹிர்வானி என்று ஒரு பையன், கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் டெஸ்ட்டிலேயே 16 விக்கெட். ஊருக்குப் பொங்கல், எங்களுக்கு ரெட்டைப் பொங்கல். அந்த வருஷம்தான் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையையும் வாங்கியது. 1954-55க்குப் பிறகு அது இரண்டாவது முறை. இன்றுவரை மூன்றாவது முறை இல்லை. அதைப் பற்றி ஒருவரும் இங்கே மூச்சு விடுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஆட்டத்தைக் கத்திரி வெயிலுக்கு மாற்றியவர்களைக் கேளுங்கள். உங்கள் செடி காய்ந்ததற்கு அதுதான் காரணம்.

---

நீலம் மட்டும் | 26 மே, காலை 8:20

தாத்தா சொன்னதோட இன்னொண்ணு. எங்க டீமும் இந்த ஊர்லதான் இருக்கு சார். சென்னையின் எஃப்சி, கால்பந்து டீம். 2024-25 ஐஎஸ்எல் செப்டம்பர்ல ஆரம்பிச்சு மார்ச்சுல லீக் முடிஞ்சுது. அதாவது ஆடியில விதைச்ச செடி பூக்கறப்போ ஆரம்பிச்சு, மாசியில காய் ஓயறப்போ முடிஞ்சுது. தோட்டக்காரனுக்குன்னே போட்ட அட்டவணை. நேரு ஸ்டேடியத்துல ஆளே இல்லாம உக்காந்திருக்கோம், வாங்கன்னா யாரும் வரமாட்டேங்கறீங்க. இந்த வருஷம் நாங்களும் பதினோராவது இடம்தான், அதனால கூச்சப்பட வேண்டாம்.

ரெண்டு தடவை கோப்பை வாங்கியிருக்கோம். 2015ல வாங்கினப்போ ஊர் வெள்ளத்துல கிடந்துச்சு. அரையிறுதிய இங்க ஆட முடியாம புனேல ஆடினோம். எங்க வீட்ல மாடித் தொட்டி எல்லாம் நிறைஞ்சு வேர் அழுகிப் போச்சு, கீழ ஹால்ல முழங்கால் தண்ணி. டிசம்பர் 20, கோவால ஃபைனல். 3-2. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து வயர் இழுத்துப் பாத்தோம்.

---

கே ஸ்டாண்ட் காத்தாடி | 26 மே, காலை 8:41

இருங்க இருங்க. 2018ல காவிரிப் போராட்டத்தால சிஎஸ்கே இங்க ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டு மத்ததெல்லாம் புனேவுக்குப் போச்சு. கப்பு வந்துச்சு. 2015ல நீங்களும் புனே. கப்பு வந்துச்சு. இந்த வருஷம் சேப்பாக்கத்துல நடக்க வேண்டிய ராஜஸ்தான் மேட்ச்ச டெல்லிக்கு மாத்தினாங்க. தோத்தோம். தெளிவா இருக்கு: மாத்தறதா இருந்தா புனேவுக்கு மாத்துங்கப்பா.

---

நீலம் மட்டும் | 26 மே, காலை 8:44

😂 உண்மையிலேயே யோசிக்கல இத.

---

பெரம்பூர் பால்கனி | 26 மே, காலை 11:05

2019 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கா? மே 12, ஹைதராபாத், ஒரு ரன்ல ஃபைனல் போச்சு. அடுத்த மாசம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்துச்சு. தண்ணியும் இல்ல, கப்பும் இல்ல. லாரிக்கு போன் பண்ணிட்டு வாரக்கணக்குல காத்துக் கிடப்போம். அந்த வருஷம் நான் அரிசி கழுவின தண்ணியும் ஆர்ஓல கழியற தண்ணியும் மட்டும் வெச்சு பத்து செடியக் காப்பாத்தினேன். ஆர்ஓ கழிவுத் தண்ணி உப்பு, தினம் ஊத்தினா மண்ணு மேல வெள்ளையா படியும். நல்ல தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்துங்க.

மாம்பலம் சாருக்கு: பைய நேரா தளத்து மேல வெச்சிருக்கீங்களா? ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. மத்தியானம் தளத்துல கால் வைக்க முடியாதுல்ல, வேருக்கும் அதே தளம்தான். மண்ணு மேல தென்னை மட்டைய நறுக்கிப் போட்டா பாதித் தண்ணி மிச்சம்.

---

மாம்பலம் மாடி | 26 மே, இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு மேட்ச் இருந்துச்சு, ஆனா நம்ம மேட்ச் இல்ல. அதனால நிதானமா வேலை பாத்தேன். எட்டுத் தக்காளிச் செடியையும் பிடுங்கி அலசினேன். அஞ்சுல வேர் சுத்தம். மூணுல அக்கா சொன்ன ஜவ்வரிசி. நகத்தால கிள்ளினா மெத்துன்னு இருக்கு. இத்தன நாளா அந்த மூணும் மதியம் வாடி ராத்திரி நிமிர்றதப் பாத்துட்டு தண்ணி பத்தலன்னு இன்னும் இன்னும் ஊத்தினேன். அந்தப் பை மண்ண என்னக்கா பண்றது? கொட்டிடவா?

கத்திரி அஞ்சையும், அதுல தக்காளின்னு வந்த அந்த ரெண்டும் சேர்த்தி, ஒரு ஜாண் விட்டு வெட்டிட்டேன். கை நடுங்குச்சு. ஒரு செடியில பூ இருந்துச்சு.

---

வேப்பம்புண்ணாக்கு | 26 மே, இரவு 10:05

பூவப் பாத்தா வெட்ட முடியாது தம்பி. கண்ண மூடிக்கிட்டு வெட்டணும்.

மண்ணக் கொட்டாதீங்க, செம்மண்ணு இப்போ விக்கற விலைக்கு. லேசா ஈரம் பண்ணி, தார்ப்பாய்ல நாலு விரக்கடை உயரத்துக்குப் பரப்பி, மேல கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் ஷீட்ட மூடி ஓரமெல்லாம் செங்கல் வெச்சு அடைச்சுடுங்க. கருப்பு ஷீட் வேண்டாம். நாலுல இருந்து ஆறு வாரம் அப்படியே வெயில்ல வேகட்டும். நாம திட்டற வெயிலுக்கு இது ஒண்ணுதான் வேலை. நேத்து முன்தினமே கேரளாவுல பருவமழை ஆரம்பிச்சாச்சு, இங்கயும் சாயங்காலம் மேகம் கூடும், அதனால இந்த வாரமே போட்டுடுங்க. அப்புறம் பைக்கு ரெண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, நல்லா மக்கின உரம் கலந்து ரெண்டு வாரம் சும்மா வைங்க. ஜூலை 17 ஆடி ஒண்ணு. கணக்கு சரியா இருக்கும். அந்த மூணு பையில இந்தத் தடவை தக்காளி, கத்திரி, மிளகா வேண்டாம். செண்டுமல்லி போடுங்க, நூற்புழுவுக்கு அது ஆகாது.

---

புதுச்செடி | 26 மே, இரவு 10:20

அக்கா, வெண்டையில வெள்ளை ஈ எனக்கும் இருக்கு. தட்டினா புகை மாதிரி பறக்குது. வேப்பெண்ணெய் அடிச்சேன், நாலு நாள்ல திரும்ப வந்துடுச்சு.

---

பெரம்பூர் பால்கனி | 26 மே, இரவு 10:28

மஞ்சள் ஒட்டுப்பொறி வைங்க. மஞ்சள் நிறம்னா வெள்ளை ஈ ஓடி வரும். மஞ்ச அட்டையில விளக்கெண்ணெய் தடவி செடி உயரத்துக்குத் தொங்கவிட்டா போதும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். இலைக்கு அடிப்பக்கமும் வேப்பெண்ணெய் படணும், மேலாக்க அடிச்சா பிரயோஜனம் இல்ல. லிட்டருக்கு 5 மில்லி, கூட கொஞ்சம் சோப்புக் கரைசல்.

---

மாம்பலம் மாடி | 26 மே, இரவு 10:36

இப்போதான் புரியுது! மேட்ச் அன்னிக்கு மஞ்ச ஜெர்சி போட்டுக்கிட்டு வெண்டை பறிக்கப் போனா மேலெல்லாம் பொடிப்பொடியா வந்து உக்காரும். ராசி இல்லாத ஜெர்சின்னு நெனச்சேன்.

மஞ்ச அட்டை கைவசம் இல்ல. ஆனா மஞ்சளா வேற ஒண்ணு இருக்கு.

---

கே ஸ்டாண்ட் காத்தாடி | 26 மே, இரவு 10:39

அண்ணா வேண்டாம். சொல்லிட்டேன்.

---

மாம்பலம் மாடி | 31 மே, இரவு 9:12

நாலு நாளா வேலை, எழுத முடியல. நிலவரம்: வெண்டையில ரெண்டு செடிக்குத் தேமல், பிடுங்கிட்டேன். மிச்சம் மூணுல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு காய் விதைக்கு விட்டிருக்கேன், முத்தி நார் மாதிரி ஆயிடுச்சு. மூணு பை மண்ணும் ஷீட்டுக்குள்ள வேகுது, மதியம் உள்ள முத்து முத்தா வேர்த்திருக்கு. கத்திரிக் கட்டை அஞ்சுல இப்போதைக்கு ஒண்ணுல மட்டும், கணுகிட்ட ஊதா நிறத்துல கடுகு சைஸுக்கு ஏதோ தெரியுது. துளிரா மாவுப்பூச்சியான்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு சொல்றேன்.

காத்தாடி தம்பி கோச்சுக்கக் கூடாது. 2018ல வாங்கின சிஎஸ்கே கொடி ஒண்ணு பரண்ல இருந்துச்சு. விளக்கெண்ணெய் தடவி வெண்டைக்கும் மிளகாய்க்கும் நடுவுல கட்டினேன். மூணு நாள்ல சிங்கம் மூஞ்சியே தெரியல, அவ்வளவு ஈ.

---

கே ஸ்டாண்ட் காத்தாடி | 31 மே, இரவு 9:15

கப்பு வாங்கின வருஷத்துக் கொடிண்ணா அது!!

---

ரேடியோ தாத்தா | 1 ஜூன், காலை 5:40

வேலை செய்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள். எனக்கும் வெண்டையில் ஈ இருக்கிறது. பேரனிடம் பழைய கொடி ஒன்று கிடக்கிறது.

---

வேப்பம்புண்ணாக்கு | 1 ஜூன், காலை 7:02

தாத்தா, வாரத்துக்கு ஒரு தடவை துடைச்சு மறுபடி எண்ணெய் தடவணும். தூசி படிஞ்சா ஒட்டாது.

---

மாம்பலம் மாடி | 1 ஜூன், இரவு 8:25

வேலை செய்யுது தாத்தா. வெண்டை விதை காஞ்சதும் உங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வெக்கறேன், திருவல்லிக்கேணி பக்கம் வரப்போ கொடுத்துடறேன்.

காத்தாடி தம்பி, மனசு கேக்காம இன்னிக்குக் கொடிய எடுத்து வாஷிங் பவுடர் போட்டு ரெண்டு தடவை துவைச்சேன். ஈ போயிடுச்சு. விளக்கெண்ணெய் போகல. வீட்டம்மா மூணாவது தடவை மெஷின்ல போட விடமாட்டேங்கறாங்க. எண்ணெய்க் கறைக்கு யாராவது வழி தெரிஞ்சா சொல்லுங்க.